அலை வராத பொம்மலாட்டம்

முதல் நாள் காலையில் கஞ்சி கொடுத்தார்கள். கடலூரிலிருந்து கடல் தாண்டி வந்து கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்காருவேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அது நம் வீட்டுக் கஞ்சி இல்லை. ஆவி பறக்க இருந்தது. இஞ்சியைத் தீக்குச்சி கனத்துக்குச் சீவித் தூவி, வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குப்பியில் மீனை ஊறவைத்து எடுத்த சாறு. அதைத் திறந்ததும் கருவாட்டுப் பானையைத் திறந்த வாசனை வந்தது. கடலூரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது புதிதில்லை. நாலு சொட்டு விட்டுக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

"பசியாறுங்க டீச்சர், பசியாறுங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார் சாந்தா அக்கா. மலேசியத் தமிழர். காலைச் சாப்பாட்டுக்கு அவர்கள் பசியாறுவது என்றுதான் சொல்வார்கள். தாய்லாந்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவர். அந்தக் குழந்தைகள் இல்லத்தில் சமையல் பொறுப்புக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நான் இருந்த இரண்டு வாரமும் எனக்கு வாயும் காதும் அவர்தான்.

"எங்க தாத்தா உங்க பக்கந்தாம்மா. குறிஞ்சிப்பாடியோ கள்ளக்குறிச்சியோ, ஏதோ ஒரு குறிச்சி" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, நானும் துருவவில்லை.

நான் பிறந்தது சிதம்பரம். கல்யாணத்துக்குப் பிறகு கடலூர் செம்மண்டலம். கடலோரத்தில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கைவேலை டீச்சர். காகிதக் கூழில் பொம்மை செய்யச் சொல்லித் தருவேன். சுனாமி அலைக்குப் பிறகு எங்கள் இல்லத்துக்கு எத்தனையோ நாட்டுக்காரர்கள் வந்து போனார்கள். அப்படி வந்த தாய்லாந்து அம்மாள் ஒருவர், எங்கள் பிள்ளைகள் செய்த கைப்பொம்மைகளைப் பார்த்துவிட்டு, "எங்கள் குழந்தைகளுக்கும் வந்து சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டார். அவர்தான் அந்த இல்லத்தின் தலைவி. இப்படித்தான் 2008 ஏப்ரலில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆனால் நான் போன மறுநாளே அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, அவர் பத்து நாள் ஊரில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

ரப்பர் தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது இல்லம். நாற்பது குழந்தைகள் இருப்பார்கள். எங்கள் இல்லத்தில் ஐந்தரைக்கு மணி அடித்தால்தான் ஒவ்வொன்றாக எழுந்திருக்கும். இங்கே மணியே கிடையாது. பெரிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு. பெரியது எழுந்து சின்னதை எழுப்பும், பல் துலக்கிவிடும், தலை வாரிவிடும். ஏழு மணிக்கு முற்றம் பெருக்கி முடித்திருக்கும். செருப்பெல்லாம் வாசலில் அளவு வாரியாக வரிசை கட்டியிருக்கும். நான் மட்டும் இரண்டு தடவை செருப்போடு வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன். ஒரு ஆறு வயதுப் பெண் குனிந்து, என் காலிலிருந்து செருப்பைக் கழற்றிக்கொண்டு போய் வெளியே வைத்தாள்.

முதல் நாள் வகுப்பில் ஒரு பெண் தன் நெஞ்சில் விரலை வைத்து, "ஃபோன்" என்றாள். பதினோரு வயதிருக்கும். ஒல்லி. முன்பல் ஒன்றில் சின்ன உடைசல். வீட்டுக்குப் பேசவேண்டும் போலிருக்கிறது என்று என் செல்லை எடுத்து நீட்டினேன். வகுப்பே சிரித்தது. சாந்தா அக்காதான், "அது அவ பேரும்மா. ஃபோன்னா மழை" என்றார். பிறகுதான் கவனித்தேன், எல்லாப் பெயரும் அப்படித்தான். பறவை என்று ஒருத்தி, இறால் என்று ஒருத்தி, பன்றிக்குட்டி என்று ஒரு குண்டுப் பையன். அவன் அந்தப் பெயரை ரொம்பப் பெருமையாகச் சொன்னான்.

சிரிப்பு அடங்கியதும், எங்கள் இல்லத்தில் புது வகுப்பு ஆரம்பிக்கும்போது கேட்பதையே இங்கும் கேட்டேன். "அலையில வீட்டு ஆளுங்கள இழந்தவங்க கை தூக்குங்க." அவர்களை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் கூடுதலாகக் கவனிக்கலாம் என்பது என் பழக்கம். நான்கு கைகள் உயர்ந்தன. கொஞ்சம் பொறுத்து ஐந்தாவதாக ஒரு கை. அது ஃபோன். ஐந்து பேரையும் முன்னால் அழைத்துக்கொண்டேன். மற்றவர்கள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஃபோன் என்னிடம் ஏதோ கேட்டாள். "நீங்க யாரை இழந்தீங்கன்னு கேக்குறா" என்றார் சாந்தா அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் பெரியாஸ்பத்திரி வராண்டாவில் வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். கண் நிறைந்தது. சாந்தா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஏதோ சொன்னார். வகுப்பு அமைதியானது.

"என்னக்கா சொன்னீங்க?"

"உங்க வீட்ல ஒருத்தர்னு சொன்னேன். கண்ணுல தண்ணி பார்த்தேன்ல."

என் வீட்டில் யாரும் போகவில்லை. தண்ணீர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் ஃபோன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற நால்வரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் பசைக்கு மாவு வாங்கச் சந்தைக்குப் போனோம். அங்கே ஷேர் ஆட்டோ வேலையைச் செய்வது, பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட ஒரு லாரிக்குட்டி. இறங்க வேண்டிய இடத்தில் கூரையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டுமாம். திரும்பி வரும்போது சாந்தா அக்கா அசந்து தூங்கிவிட்டார். இல்லத்தின் கேட் கண்ணில் பட்டதும், நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் தட்டுகிற மாதிரி வண்டியின் பக்கவாட்டில் படபடவென்று தட்டி, "நிறுத்துப்பா, நிறுத்து" என்றேன். டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் தாளம் போடுவதாக நினைத்து, பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இறங்கி, மரவள்ளி மாவு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தோம். ஏப்ரல் வெயில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

நம் ஊரில் மைதாப் பசை. அங்கே மரவள்ளிப் பசை. மரவள்ளிதான் உசத்தி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காய்ந்த பிறகு தலை கல் மாதிரி இருக்கிறது, பூச்சி அரிப்பதில்லை. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறப்போட்டு, மிளகாய் இடிக்கிற கல் உரலில் பிள்ளைகள் முறைவைத்து இடித்தார்கள். கூழைப் பிழிந்து பசை சேர்த்துப் பிசைந்து, சுருட்டிய அட்டையின் மேல் உருட்டிவைத்து, மூக்கு, கன்னம், நாடி. என் பிள்ளைகள் மூக்கைக் கூராக இழுப்பார்கள். இவர்கள் சப்பையாக, சிரிக்கிற முகமாகச் செய்தார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. அவரவர் கண்ணாடியில் பார்ப்பதுதானே வரும். துணிக்குச் சாயம் அவர்களே போட்டார்கள், மங்குஸ்தான் தோலை வேகவைத்து. அந்தப் பழுப்புச் சிவப்பை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

மத்தியானம் ஒரு மணி நேரம் எல்லோரும் தூங்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் செல்லில் கூப்பிடுவார்.

"இன்னா, அங்க சோறாச்சும் கெடைக்குதா?"

"சோத்துக்கு இன்னா கொறைச்சல். கையில ஒட்டுற சோறு, உருட்டி உருட்டி தொட்டுச் சாப்புடுறாங்க. பப்பாளிக்காய இடிச்சி ஒரு கலவ. காரம் நம்மள வுட ஜாஸ்தி."

"நாளைக்கு மாமா வூட்டுல சிதம்பரம் கொத்சு செய்யறாங்களாம். உன் பேரச் சொல்லி நான் சாப்புட்டுடறேன்."

"சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று வைத்துவிடுவேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஒட்டுச் சோற்றை எப்படி உருட்டுவது என்று காட்டுவாள். நான் உருட்டினால் விரல் எல்லாம் சோறு. அதைப் பார்த்து உடைந்த பல் தெரியச் சிரிப்பாள். நாலாம் நாள் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய அம்மா கடற்கரையில் கணவாய் மீன் சுட்டு விற்பாளாம். தலையில் எப்போதும் ஒரு வெள்ளைப்பூ. அன்றைக்குக் காலையில் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் கதை. சாந்தா அக்கா அதைத் தமிழில் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். நானும்தான்.

அந்தக் கதையையே பொம்மலாட்டமாக்கலாம் என்று சொன்னது நான். ஃபோன் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். மகள் பொம்மைக்கு அவளே கை. அம்மா பொம்மைக்குப் பறவை என்று பெயருள்ள அவள் சிநேகிதி. அந்தப் பெண் நிஜமாகவே அண்ணனை அலைக்குக் கொடுத்தவள். அலைக்கு நீலத் துணி, அதை இரண்டு பேர் பிடித்து ஆட்டுவார்கள். ஒத்திகையில் அம்மா பொம்மை துணிக்கு அடியில் மறைகிற இடத்தில் சின்னப் பிள்ளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நன்றாக வருகிறது என்று நான் உள்ளுக்குள் பூரித்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு அக்காக்களும் ஒத்திகையைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. கதைதானே என்று நினைத்தார்களாம். பிறகு சொன்னார்கள்.

சித்திரை ஒன்றை ஒட்டித்தான் அவர்களுக்கும் புது வருஷம். சொங்க்ரான் என்கிறார்கள். நாம் காலையில் கோயிலுக்கோ பூசைக்கோ போய் மாங்காய்ப் பச்சடி சாப்பிடுவதோடு சரி. அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து, பூப்போட்ட தண்ணீரைப் பெரியவர்கள் உள்ளங்கையில் மெல்ல ஊற்றிக் கும்பிட்டன. எனக்கும் ஊற்றினார்கள். அந்த மரியாதை அரைமணி நேரம்தான். அப்புறம் வாளி, குழாய், தொட்டி. என் காட்டன் புடவை நனைந்து ஒரு மணங்கு கனத்தது. தூரத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஊர் திரும்புகிற பண்டிகை அது. மத்தியானத்துக்குள் இல்லத்தின் வாசலில் மாமாக்களும் சித்திகளும் பெற்றோர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். இல்லத்தில் இருக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் யாராவது உண்டு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. தலைவியும் முந்தின நாள் சாயங்காலம் திரும்பியிருந்தார், ஆனால் ஒத்திகை எதையும் அவர் பார்த்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம். மாமரத்துக்கு அடியில் திரை கட்டி, பின்னால் நானும் சாந்தா அக்காவும் பிள்ளைகளும். முன்னால் அறுபது எழுபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பொம்மை கணவாய் சுட்டது. மகள் பொம்மை விசிறியது. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது வாசல் பக்கமிருந்து யாரோ உரக்க ஏதோ சொன்னார்கள். சாந்தா அக்கா என் தோளைத் தொட்டார்.

"டீச்சர், அவங்கம்மா வந்திருக்காங்களாம்."

"யாரோட அம்மா?"

"ஃபோனோட அம்மா."

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. வழியெல்லாம் தண்ணீர் வாங்கித் தொப்பலாக நனைந்து, கன்னத்தில் யாரோ பூசிவிட்ட வெள்ளை மாவோடு, தோளில் ஒரு பையோடு, பாயின் ஓரத்தில் இடம் தேடி உட்கார்ந்துகொண்டிருந்தாள். தலையில் பூ இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபோன் செய்த பொம்மைக்கு அதே நாடி.

ஃபோனுக்கும் கேட்டுவிட்டது. பொம்மை போட்ட கை அப்படியே நின்றது. அடுத்தது அலை. நீலத் துணியோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

திரையை இழுத்துவிடலாம் என்று கயிற்றில் கை வைத்தேன். இழுத்தால் எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேள்வி வரும். விட்டால் ஒரு தாய் தன் சாவைப் பார்ப்பாள். பதினோரு நாளாக மொழி இல்லாமல் சைகையிலேயே பேசிப் பழகியிருந்தோம். கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். உன் இஷ்டம்.

ஃபோன் சிநேகிதியின் கையிலிருந்து அம்மா பொம்மையை உருவித் தன் இன்னொரு கையில் மாட்டிக்கொண்டாள். இரண்டு குரலிலும் அவளே பேச ஆரம்பித்தாள். சாந்தா அக்கா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அம்மா சொல்லுது, கணவாய் விக்கிறதுல வயிறு நிறையல, நான் பாங்காக் பக்கம் நண்டு உரிக்கிற கம்பெனிக்குப் போறேன். பஸ் வந்துருச்சு."

நீலத் துணிக்காரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கள் இடம் வந்துவிட்டதென்று துணியை ஆட்டத் தொடங்கினார்கள். ஃபோன் அம்மா பொம்மையைத் துணிக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஆட ஆட நகர்த்திக்கொண்டு போனாள். பார்த்தவர்கள் அதை ஆறு என்றோ பாலம் என்றோ எடுத்துக்கொண்டார்கள்.

"மக கேக்குது, எப்ப வருவே? அம்மா சொல்லுது, புது வருசத்துக்கு. நீ அழுதா வரமாட்டேன்."

பாயின் ஓரத்திலிருந்து அந்தப் பெண் எழுந்து ஏதோ சொன்னாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நான் அப்படிச் சொன்னதே இல்லைங்குறா" என்றார் சாந்தா அக்கா.

ஆட்டம் அதோடு முடிந்தது. கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. ஃபோன் பொம்மைகளைக் கழற்றாமல் திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நாங்கள் நால்வரும் மாமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் அம்மா பையிலிருந்து ஒரு தர்பூசணியை எடுத்து வெட்டினாள். அவள் விரல்களைப் பார்த்தேன். நண்டு ஓடு கிழித்துக் கிழித்து ஆறிய தழும்புகள். ஃபோன் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கணவாய், பூ, அலை, எல்லாம். சாந்தா அக்கா தமிழில் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்தப் பெண் துண்டு போடுவதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

மகள் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். சாந்தா அக்கா தயங்கினார்.

"நீங்க அலையில யாரை இழந்தீங்கன்னு கேக்குறாம்மா."

"யாரையும் இல்ல" என்றேன். "தண்ணி எங்க தெருவுக்கே வரல. அன்னிக்கு நீங்களா சொன்னீங்க, நான் பேசாம இருந்துட்டேன். அப்புறம், அலையில போனவங்க வீட்டுப் புள்ளைங்க கை தூக்குங்கன்னு கேட்டதும் நான்தான். அதையும் சொல்லுங்க."

"அப்படியேவா?"

"அப்படியே."

சொன்னார். ஃபோன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பிறகு மெல்ல ஒரு வாக்கியம் சொன்னாள்.

"கை தூக்காதவங்க எல்லாம் பின்னாடி போயிட்டாங்களாம். அதான் தூக்குனேங்குறா."

கடலூரில் மூன்று வருஷமாக நான் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பிள்ளைகளைப் பின்னால் அனுப்பினேனோ. அதன்பிறகு கேட்பதில்லை.

அவள் அம்மா ஒரு துண்டை மகளிடம் கொடுத்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். பிறகு சாந்தா அக்காவைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். சாந்தா அக்கா தன் துண்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"அந்தக் கம்பெனி விடுதில புள்ளைங்க இல்லாதவங்களுக்குத்தான் இடமாம். நாலு வருசமா நானும் அங்க எனக்குப் புள்ளையே இல்லைன்னுதான் சொல்லி வச்சிருக்கேங்குறா."

ஃபோன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். இது அவளுக்கும் புதுச் செய்தி என்று தெரிந்தது. அம்மாவை நெடுநேரம் பார்த்தாள். ஒரு விதையைத் துப்பிவிட்டு ஏதோ சொன்னாள்.

"அப்ப ரெண்டும் சரியாப் போச்சுங்குறா" என்றார் சாந்தா அக்கா.

அந்தப் பெண் ஈரக் கையால் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். அடி லேசானதுதான். ஆனால் அடித்த கையை எடுக்கவில்லை. ஃபோன் அப்படியே சாய்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எங்களுக்கு அங்கே வேலை இல்லை. பாத்திரம் கழுவப் போனோம்.

ஃபோனின் அம்மாவுக்கு மூன்று நாள் லீவு. மீதி இரண்டு நாளும் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நானும் என் பாயைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன். கூழ் பிசைவதில் அவளை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அவள் செய்தது ஒரு நண்டு. கால்களுக்குத் தென்னை ஈர்க்கு வைத்தாள். பன்றிக்குட்டி என்ற பையன் அதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டான்.

பதினாறாம் தேதி காலை ஃபோனின் அம்மாவும் நானும் ஒரே வண்டியில் கிளம்பினோம். அவள் பாங்காக் பஸ்ஸுக்கு, நான் விமானத்துக்கு. சாந்தா அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு இனிமேல் வாயும் இல்லை, காதும் இல்லை. வண்டி நகர்ந்ததும் ஃபோன் சாலை ஓரமாகக் கூடவே ஓடிவந்தாள். ரப்பர் தோட்டத்து வளைவு வரைக்கும் வந்து நின்றாள். அவள் அம்மா பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எதிர்ப் பெஞ்சில் அவளை மாதிரியே பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் வேலைக்குத் திரும்புகிறவள்தான் போலிருந்தது. ஓடி வந்த பிள்ளை யார் என்று கேட்டிருக்க வேண்டும். ஃபோனின் அம்மா சாலையிலிருந்து பார்வையைத் திருப்பினாள். முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். பிறகு வண்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "லூக் சாவ்" என்றாள்.

அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்ட பத்துப் பன்னிரண்டு சொற்களில் அது ஒன்று. மகள் என்று அர்த்தம்.